நிலத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது?
பரவை மார்க்கெட் முதல் மாசி வீதி வரை: இடம் வாங்க நினைக்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

"பரவைப் பக்கம் சென்ட் என்ன விலை போகிறது?" நாலு வணிகர்கள் ஓரிடத்தில் கூடினால் எழுகிற கேள்விகளில் இதுவும் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்குப் பரவை என்றால் நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவின் ஊர். நமக்கோ அது மொத்தக் காய்கறி மார்க்கெட் இருக்கும் ஊர். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரோட்டில், விளாங்குடிக்கும் சமயநல்லூருக்கும் நடுவே இருக்கிறது. அங்கே இடம் விசாரித்தால் நாலு பேரிடம் நாலு விலை வரும். ரோட்டு முகப்பில் ஒரு விலை, அதே சர்வே எண்ணில் இருநூறு அடி உள்ளே போனால் வேறு விலை, ரயில் பாதையைத் தாண்டினால் இன்னொரு விலை. நாலு பேர் சொன்னதும் பொய் இல்லை. நிலத்துக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது என்பதுதான் காரணம்.

நம் தொழிலில் விலை ஏற்ற இறக்கம் நமக்குப் புதிதல்ல. தக்காளி வரத்து குறைந்தால் விலை ஏறும். வரத்து கூடினால் இறங்கும். ஆனால் ஒட்டன்சத்திரத்திலிருந்து இன்னும் இரண்டு லோடு இறக்கி விலையைக் குறைக்க முடியாத சரக்கு ஒன்று உண்டென்றால், அது நிலம்தான். மார்க்கெட் வாசலுக்கு எதிரே உள்ள பத்து சென்ட் பத்து சென்ட்டாகவே இருக்கும். அதைக் கேட்பவர்களின் எண்ணிக்கைதான் மாறும்.

இது வெறும் ஆராய்ச்சி விஷயமாக இருந்தால் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டியதில்லை. கடையில் சுழல வேண்டிய முதலை மண்ணில் போட்டு முடக்கிவிட்டு, சரக்கு எடுக்க வட்டிக்கு அலைகிறவர்கள் நம்மிடையே உண்டு. சரியான சமயத்தில் நாலு சென்ட் வாங்கிப் போட்டதால் பிள்ளைகள் காலத்திலும் வாடகைக் கவலை இல்லாமல் வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. விலை எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று கணக்குப் போட்டார்களா இல்லையா என்பதும்தான்.

நிலம் நகராது, வியாபாரம் நகரும்

முதலில் மனதில் இருத்த வேண்டியது இது: நாம் விலை கொடுப்பது மண்ணுக்கு அல்ல, அந்த மண்ணைச் சுற்றி உள்ளவற்றுக்கு. மதுரையின் கதையே இதற்குச் சாட்சி.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அதுவரை நகரின் எல்லையாக இருந்த பள்ளமும் சுவரும் வீதிகளாகவும் மனைகளாகவும் மாறின. அந்தப் பணியோடு தொடர்புடைய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை இன்றும் வீதிகள் தாங்கி நிற்கின்றன. விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக எழுந்தது. யாரும் சீந்தாத அகழிப் பள்ளமாகக் கிடந்த பூமி, இன்று ஒரு சதுரடி கிடைக்காதா என்று ஏங்க வைக்கிற கடைவீதியாக நிற்கிறது. மண் அதே மண்தான். கோயிலைச் சுற்றி ஜனமும் ஜனத்தைச் சுற்றி வியாபாரமும் வந்து சேர்ந்ததால் வந்த விலை அது. கீழமாசி வீதியில் பலசரக்கு, கீழமாரட் வீதியில் வெங்காயம், தெற்கு ஆவணி மூல வீதியில் நகை என்று ஒரே தொழில்காரர்கள் ஒரே தெருவில் கூடியது அந்த விலையை மேலும் உயர்த்தியது. வாங்குகிறவர் தேடி அலைய வேண்டாம், விற்கிறவர் விளம்பரம் செய்ய வேண்டாம் என்னும் வசதிக்கும் சேர்த்துத்தான் அங்கே வாடகை.

ஆனால் வந்த வியாபாரம் போகவும் செய்யும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் காய்கறி மார்க்கெட் 2010-ல் மாட்டுத்தாவணிக்கு மாறியது. மாட்டுத்தாவணியில் 1999-ல் பஸ் நிலையம் வந்திராவிட்டால் அந்தப் பகுதியை மொத்த வியாபாரத்துக்கு யார் நினைத்திருப்பார்கள்? இதே போக்கில்தான் நகரின் வடமேற்கு மூலையில் பரவையும் மொத்தக் காய்கறிக்கான இடமாயிற்று. திண்டுக்கல் பக்கமிருந்து வரும் லாரி நகர நெரிசலுக்குள் நுழையாமலே லோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். அந்த ஒரு வசதியின் விலைதான் பரவை ரோட்டோரத்து விலையில் பெரும் பங்கு.

சென்னையிலும் இதே கதைதான். கொத்தவால்சாவடியில் இருந்த காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் அதன் அருகிலேயே வெளியூர் பஸ் நிலையமும் வந்தது. லாட்ஜும் ஓட்டலும் பார்சல் ஆபீசும் பெருகின. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்ட பஸ்கள் அங்கே மாறின. பயணிகளை நம்பிக் கடை போட்டிருந்த கோயம்பேட்டுக்காரர்களின் கணக்கு அதோடு புரண்டது. மார்க்கெட்டை நம்பியவர்கள் நின்றார்கள். பஸ்ஸை நம்பியவர்கள் தடுமாறினார்கள். ஒரே பகுதி, ஒரே ரோடு என்றாலும் எதை நம்பி விலை கொடுத்தோம் என்பதில் இத்தனை வித்தியாசம்.

2020-ல் கொரோனா இதைச் சில வாரங்களிலேயே காட்டிவிட்டது. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு வியாபாரம் திருமழிசைக்குப் போனது, செப்டம்பரில்தான் திரும்பியது. பரவை மார்க்கெட்டும் அந்த ஆண்டில் மூடிக் கிடந்தது. மார்க்கெட் இல்லாத நாட்களில் அதைச் சுற்றிய டீக்கடைக்கும் சாக்குக் கடைக்கும் கிட்டங்கிக்கும் என்ன மதிப்பு என்று அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

ஜெர்மானியப் பொருளியலாளர் தூனன் 1826-ல் வெளியிட்ட நூலில் இதையே ஒரு கணக்காகச் சொன்னார். சந்தைக்குப் பக்கத்து நிலத்தில் காய்கறியும் பாலும், இன்னும் தள்ளித் தானியம், அதற்கும் அப்பால் மேய்ச்சல் என்று நிலம் பிரியும். காரணம் வண்டிக் கூலியும், அழுகும் சரக்கு தாங்கும் நேரமும். சந்தைக்கு ஒரு மைல் நெருங்கினால் மிச்சமாகிற கூலி, அந்த நிலத்தின் விலையில் ஏறிவிடும். இன்று மாட்டு வண்டி போய் மினி லாரி வந்துவிட்டது. ஆனால் டீசலும் நேரமும் இருக்கும் வரை அந்தக் கணக்கு மாறாது.

ரோடு இருந்தால் மட்டும் போதாது

"மெயின் ரோடு ஓரம்" என்று தரகர் சொன்னதும் மயங்கிவிடக் கூடாது. ரோட்டில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதைவிட, எத்தனை வண்டி நிற்கிறது என்பதே கடைக்காரனுக்கு முக்கியம். திண்டுக்கல்லிலிருந்து வரும் நான்குவழிச் சாலை சமயநல்லூர் அருகே பிரிந்து, நகருக்குள் வராமல் மேற்காகச் சுற்றிக் கப்பலூர் போகிறது. திருநெல்வேலி போகும் லாரிக்குப் பரவையில் வேலை இல்லை. ஆகவே பரவை ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் மதுரைக்கு வருகிற, மதுரையிலிருந்து போகிற வண்டிகள். இது மொத்தக் கடைக்கும் கிட்டங்கிக்கும் நல்லது. வழிப்போக்கரை நம்பும் ஓட்டலுக்கோ நான்குவழிச் சாலை ஓரம் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அங்கே சர்வீஸ் ரோடு இருக்கிறதா, நடுச்சுவரில் திரும்புவதற்கு இடைவெளி எவ்வளவு தூரத்தில் என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எதிர்ப்புறம் இருந்து வருகிறவர் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டுமென்றால், அந்தக் கடைக்குப் பாதி வாடிக்கையாளர்தான்.

மனையின் அமைப்பும் விலையை மாற்றும். முகப்பு அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் இருப்பதைச் சிம்மமுகம் என்றும், முகப்பு குறுகலாகவும் பின்புறம் அகலமாகவும் இருப்பதைக் கோமுகம் என்றும் சொல்வோம். கடைக்குச் சிம்மமுகம், வீட்டுக்குக் கோமுகம் என்பது பழைய வழக்கு. சாஸ்திரத்தை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று இதில் உண்டு: கடைக்குப் பார்வையில் படும் முகப்பு வேண்டும். தெருக்குத்து மனை குறைந்த விலைக்கு வருவதும் இப்படித்தான். வாங்குகிறவருக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், நாளை விற்கும்போது வருகிறவருக்கு இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிட்டங்கிக்கு முகப்பைவிட லாரி வளையும் இடம் முக்கியம். இருபதடிப் பாதையில் பத்து சக்கர லாரி திரும்பாது. ரயில் பாதைக்கு மறுபுறம் உள்ள இடத்துக்குக் கேட் வழியா, சுரங்கப் பாதை வழியா, அதன் உயரம் என்ன, மழையில் தண்ணீர் நிற்குமா என்று நேரில் பார்க்க வேண்டும். ஒரு மழை நாளிலும் ஒரு அதிகாலையிலும் போய்ப் பார்க்காமல் மார்க்கெட் பகுதியில் இடம் வாங்கக் கூடாது. பகல் பதினோரு மணிக்கு மொத்தக் காய்கறி மார்க்கெட் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். உண்மையான நெரிசல் விடியலுக்கு முன்.

தண்ணீர் தரும் விலை, தண்ணீர் கெடுக்கும் விலை

மதுரையைச் சுற்றிய சமவெளி கண்மாய்களின் பூமி. 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்ததும், 1959-ல் வைகை அணை வந்ததும் இங்கே புஞ்சைக்கும் நஞ்சைக்கும் இருந்த விலை வித்தியாசத்தையே மாற்றின. அந்தக் காலத்தில் கண்மாய்ப் பாசன நஞ்சைக்குத்தான் மவுசு. இன்று மனை வாங்குகிறவருக்கு அதே நஞ்சை தலைவலி. பள்ளம் என்பதால் மண் அடித்து மேடாக்கும் செலவு. களிமண் என்பதால் அஸ்திவாரச் செலவு. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அரசின் அனுமதி. இந்த மூன்றையும் கழித்துவிட்டுத்தான் நஞ்சை மனையின் விலையைப் பேச வேண்டும்.

கண்மாய், வாய்க்கால், ஓடை என்று பழைய ஆவணத்தில் இருந்தால், எந்த விலைக்குக் கிடைத்தாலும் அந்த இடம் வேண்டாம். 2007-ல் தமிழக அரசு ஏரி, கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே கொண்டு வந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளில் ஐகோர்ட் தொடர்ந்து கண்டிப்பாக இருந்து வருகிறது. பட்டா இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இதோடு உள்ளாட்சி எல்லையும் சேர்ந்துகொள்கிறது. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது விளாங்குடி பேரூராட்சி மாநகராட்சிக்குள் வந்தது. பரவை அப்போது பேரூராட்சியாகவே நின்றது. எல்லை மாறினால் குடிநீரும் சாக்கடையும் வரும் என்ற நம்பிக்கையில் மனை விலை ஏறும். சொத்து வரியும் கட்டிட விதிகளும் அதே வேகத்தில் வரும். ஏறிய விலையைப் பேசும் தரகர் ஏறப்போகும் வரியைப் பேசுவதில்லை.

காகிதத்தில் இருக்கும் பாதி விலை

இரண்டு மனைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், ஒன்று மற்றதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வந்தால், வித்தியாசம் மண்ணில் இல்லை, பீரோவில் இருக்கிறது என்று பொருள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகிய நாலும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். பத்திரத்தில் 12 சென்ட், பட்டாவில் 11 சென்ட், தரையில் அளந்தால் பத்தரை சென்ட் என்றால், நாம் வாங்குவது பத்தரை சென்ட்தான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுரடி. ஒன்றரை சென்ட் போனால் சுமார் 650 சதுரடி போயிற்று. ஒரு நல்ல கடையின் அளவு அது.

அங்கீகாரம் இல்லாத மனைகளின் கதை நம் உறுப்பினர்கள் பலருக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை ஐகோர்ட் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அன்று காலை வரை கைமாறிக்கொண்டிருந்த மனைகள் அன்று மாலை விற்க முடியாத சரக்காயின. பின்னர் 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைகளை வரைமுறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி முறைப்படுத்தியவர்கள் தப்பினார்கள். மண் ஒரு பிடி குறையவில்லை, ரோடு மாறவில்லை, ஒரு உத்தரவு விலையை நிறுத்திவிட்டது. கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூமிதான நிலம் என்று தெரிந்தால் பதிவே நடக்காது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

ஏக்கராக வாங்கிப் பிரித்து விற்கலாம் என்று நாலு பேர் கூட்டாக இறங்குவதுண்டு. நூறு சென்ட்டில் ரோட்டுக்கும் பொது உபயோகத்துக்கும் முப்பது சென்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்ட் ஒரு லட்சம் என்று வாங்கியது, விற்பனைக்குரிய எழுபது சென்ட்டின் மேல் ஏறி, அடக்கமே சென்ட் 1,43,000 ரூபாய் ஆகிறது. ரோடு போடும் செலவும் அனுமதிக் கட்டணமும் வட்டியும் இதற்கு மேல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால் பூங்காவுக்கென்று பத்து சதவீதம் கண்டிப்பாகத் தானம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்று விதமான மதிப்பு

ஒரே இடத்துக்கு மூன்று மதிப்பு உண்டு. சந்தையில் கைமாறும் விலை ஒன்று. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இரண்டு. கடன் கேட்டுப் போனால் வங்கி போடும் மதிப்பு மூன்று. வங்கி எப்போதும் அவசரத்துக்கு ஏலம் போட்டால் என்ன கிடைக்கும் என்று பார்க்கும். ஆகவே அது போடும் தொகை குறைவாகத்தான் இருக்கும்.

வழிகாட்டி மதிப்பு அரசு நிர்ணயிப்பது. 2012-ல் பெரிய அளவில் திருத்தினார்கள். 2017 ஜூன் 9 முதல் அதில் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நாலு சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மறுபடியும் 2012 மதிப்புக்கே போய், பதிவுக் கட்டணத்தை இரண்டு சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் மதிப்பு மீண்டும் திருத்தப்பட்டது. 2012-ல் சதுரடி 1,000 ரூபாய் மதிப்பு இருந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து முதலில் 80 ரூபாய். 2017-க்குப் பின் 670 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 73 ரூபாய் 70 காசு. 2023 ஏப்ரலுக்குப் பின் 1,000 ரூபாய்க்கு 9 சதவீதம், அதாவது 90 ரூபாய். கட்டணம் குறைந்தது என்று செய்தி வந்த ஆண்டில்தான் செலவு கூடியது. சதவீதத்தை மட்டும் கேட்டால் போதாது. எதன் மேல் சதவீதம் என்றும் கேட்க வேண்டும்.

வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அதன் ஆபத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 ஜூன் முதல் நில பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரும். அதைவிடப் பெரிய விஷயம், ரோட்டோரத்து இடத்துக்கு என்றாவது சாலை விரிவாக்கம் வரும். 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, அக்கம்பக்கத்தில் முந்திய மூன்றாண்டில் பதிவான பத்திரங்களின் விலையையும் முத்திரைச் சட்ட மதிப்பையும் பார்த்து, எது கூடுதலோ அதை வைத்தே இழப்பீடு கணக்கிடுவார்கள். எல்லோரும் குறைத்து எழுதிய தெருவில் எல்லோருக்கும் இழப்பீடும் குறையும். அன்று மிச்சம் பிடித்த முத்திரைச் செலவு, பின்னாளில் கடையின் முகப்பையே கொண்டுபோய்விடும்.

வாடகையைக் கொண்டு விலையைப் பார்

வணிகனுக்கு நாலாவது மதிப்பு ஒன்றும் உண்டு. அதுதான் மற்ற மூன்றையும்விட முக்கியம். அந்த இடம் எவ்வளவு வாடகையைத் தாங்கும் என்பதே அது. நிலவாடகை கூடுவதால் தானிய விலை கூடுவதில்லை, தானிய விலை கூடுவதால்தான் நிலவாடகை கூடுகிறது என்று ரிக்கார்டோ 1817-லேயே விளக்கினார். நம் மொழியில் சொன்னால், கடையில் வியாபாரம் நடந்தால்தான் கட்டிடத்துக்கு வாடகை. வாடகை வந்தால்தான் மண்ணுக்கு விலை.

எடுத்துக்காட்டாக, மாதம் 20,000 ரூபாய் வாடகை போகும் ஒரு கடைக்கு 60 லட்சம் கேட்கிறார்கள் என்று கொள்வோம். ஆண்டு வாடகை 2,40,000. சொத்து வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் சேர்த்து 40,000 கழித்தால் மிச்சம் இரண்டு லட்சம். ஏழு சதவீத வட்டிக்கு இரண்டு லட்சம் தருகிற முதல் சுமார் இருபத்தெட்டரை லட்சம். மீதி முப்பத்தொன்றரை லட்சம் நாளை விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் தொகை.

அதே இடத்தைப் பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி நாமே வைத்துக்கொண்டால், வட்டி ஆறு லட்சம், உடைமையாளர் செலவு 40,000. மிச்சமாகிற வாடகை 2,40,000. ஆக ஆண்டுக்கு நாலு லட்சம் கூடுதல் செலவு. இடத்தின் விலை வருஷா வருஷம் ஏறக்குறைய ஏழு சதவீதம் ஏறினால்தான் கை கடிக்காது. ஏறலாம், ஏறாமலும் போகலாம். வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவுக்குக் கடை, எவ்வளவுக்கு நம்பிக்கை என்று பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய கடைவீதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இடத்தின் மதிப்பில் ஒரு பகுதி சொந்தக்காரரிடம் இல்லை. நெடுங்காலம் கடை நடத்தும் வாடகைதாரரின் குட்வில்லாக இருக்கிறது. வாடகைதாரர் உள்ள கட்டிடத்தை வாங்குகிறவர் அதைத் தனியே கணக்கிட வேண்டும். வாடகைக்கு இருக்கும் நம்மவர்களோ, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் பதிவும் வைத்துக்கொள்ளாவிட்டால், முப்பது வருடம் உழைத்து உண்டாக்கிய அந்தக் குட்வில் ஒரு நோட்டீசில் போய்விடும்.

செய்திக்கு ஒரு விலை

"இங்கே அது வருகிறது, இது வருகிறது" என்ற பேச்சுக்கும் ஒரு விலை உண்டு. தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-ல். அடிக்கல் நாளில் பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி மனை போட்டவருக்கு, முதல் செங்கல் வைப்பதற்குள் ஐந்து வருட வட்டியாக முதலில் பாதி கரைந்திருக்கும். மதுரை மெட்ரோ ரயில் பேச்சும் பல இடங்களில் விலையில் ஏறியிருந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. திட்டங்கள் வரக் கூடாது என்பதில்லை. வரட்டும், மதுரைக்கு வேண்டியவைதான். ஆனால் அறிவிப்பு, அடிக்கல், டெண்டர், திறப்பு விழா ஆகிய நாலு படிகளில் ஒவ்வொன்றிலும் விலை ஏறுகிறது. முதல் படியிலேயே நாலாவது படியின் விலையைக் கொடுப்பவர் நஷ்டப்படுகிறார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

உறுப்பினர்கள் இடம் பார்க்கும்போது கீழ்க்கண்ட கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

1. இந்த விலை எதை நம்பி நிற்கிறது? மார்க்கெட்டையா, பஸ் நிலையத்தையா, ரோட்டையா, வெறும் பேச்சையா?
2. அது இடம் மாறினால் இந்த இடம் வேறு எதற்குப் பயன்படும்?
3. லாரி உள்ளே வந்து திரும்புமா? மழையில் தண்ணீர் நிற்குமா?
4. பத்திரம், பட்டா, புலப்படம், தரை அளவு நாலும் ஒத்துப்போகின்றனவா?
5. பழைய வருவாய் ஆவணத்தில் கண்மாய், வாய்க்கால், கோயில் என்ற சொல் எங்காவது இருக்கிறதா?
6. இன்றைய வழிகாட்டி மதிப்பில் முத்திரையும் பதிவும் மொத்தம் எவ்வளவு?
7. பக்கத்துக் கடைகள் உண்மையில் கொடுக்கும் வாடகை என்ன? எத்தனை கடை காலியாக இருக்கிறது?
8. இந்தத் தொகையை எடுத்த பின் கடையில் ஒரு சீசன் சரக்குக்கு முதல் இருக்குமா?

எட்டாவது கேள்விக்கு "இல்லை" என்று விடை வந்தால், மற்ற ஏழும் சரியாக இருந்தாலும் பொறுத்திருப்பதே நல்லது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல.

கடைசியாக, சங்கங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பரவையானாலும் மாட்டுத்தாவணியானாலும் கோயம்பேடானாலும், நிலத்துக்கு விலையை உண்டாக்குவது விடிய விடியக் கண்விழித்துச் சரக்கு இறக்கி விற்கும் வணிகர்களும் அவர்களோடு உழைக்கும் சுமைப்பணித் தொழிலாளர்களும்தான். ஆனால் மார்க்கெட் வருகிறது என்று முன்பே மோப்பம் பிடித்துச் சுற்றி வளைத்துப் போட்டவர்களே அந்த விலையின் பலனில் பெரும்பகுதியை அனுபவிக்கிறார்கள். வணிகன் பிறகு போய் அந்த ஏறிய விலைக்கே கிட்டங்கி வாங்குகிறான். தன் உழைப்பால் ஏறிய விலையைத் தானே கட்டுகிறான். இதை மாற்ற வேண்டுமானால், மார்க்கெட்டை மாற்றும் பேச்சு எழும் முதல் நாளிலேயே சங்கங்கள் ஒன்று சேர்ந்து அதிகாரிகளிடம் பேச வேண்டும். கடை ஒதுக்கீட்டோடு கிட்டங்கிக்கும் லாரி நிறுத்தத்துக்கும் சேர்த்து இடம் கேட்க வேண்டும். முடிந்தால் கூட்டாகவே நிலம் வாங்க வேண்டும். தனித்தனியாகப் போனால் தரகர் சொல்வதே விலை. ஒன்றாகப் போனால் நாம் போகும் இடமே மார்க்கெட். அந்த இடத்தின் விலையைப் பேசும் பலமும் நம்மிடமே இருக்கும்.